அன்று மின்சாரம் போகவில்லை

என் மேசையின் கீழே, கால் படும் இடத்தில், ஒரு கறுப்புப் பெட்டி இருக்கிறது. யூ.பி.எஸ். என்பார்கள். மின்சாரம் நின்றால் கணினி உடனே அணைந்துவிடாமல், உள்ளே இருக்கும் பற்றரியால் சில நிமிடங்கள் தாங்கிப் பிடிக்கும். தாங்கும் நேரமெல்லாம் கீச்சுக் கீச்சென்று கத்தும். சீமெந்துப் பை போலக் கனக்கும் அந்தப் பெட்டியைக் கண்டி நகரிலிருந்து ஹந்தானைப் பக்கம் ஏறும் வீதியால் தோளில் சுமந்து வந்தவர் என் அத்தான், என் அக்காவின் கணவர். திடீரென மின்சாரம் நின்றதால் தன்னுடைய பல வருட உழைப்பு அழிந்துபோனது என்று அவர் நம்பினார். எனக்கும் அப்படி ஒன்று நேரக்கூடாது என்றுதான் சுமந்து வந்தார்.

அன்று மின்சாரம் போகவில்லை. அவருடைய உழைப்பை அழித்தவன் நான். தெரிந்துகொண்டே, என் விரலால் அழித்தேன். பிறகு மின்சாரத்தின் மேல் பழியைப் போட்டேன். இதைச் சொல்ல வேண்டியவரிடம் காலம் கடந்து சொல்லிவிட்டேன். மற்றவர்களுக்கும் சொல்லிவிட்டுப் போகலாம் என்று இப்போது எழுதுகிறேன்.

அத்தான் நில அளவையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் ஊர் வடக்கே, கடலுக்குக் கிட்ட. ஊரின் குணத்தை அறிய வேண்டுமானால் வேலி அடைக்கும் மாதத்தில் போயிருக்க வேண்டும். வேலிக்கு நடும் தடிகளான கதியால்களில் பழையவற்றைப் பிடுங்கிப் புதியவற்றை நடும்போது, அயலவன் பார்க்காத நேரம் ஒரு சாண் தள்ளி நடுவது எங்களூரில் ஒரு கலை. அடுத்த வருடம் அவன் ஒன்றரைச் சாண் இந்தப் பக்கம் தள்ளுவான். அண்ணன் தம்பிகள் வழக்குப் பேசி வளவை விற்ற கதைகள் உண்டு. அப்படிப்பட்ட ஊரில் இரண்டு தரப்பும் ஏற்றுக்கொண்ட ஒரே மனிதர் அத்தான். "அவர் கோடு போட்டால் கோடுதான்" என்று சொல்வார்கள். தன் சொந்தத் தகப்பனின் வேலியையே அயலவன் பக்கத்திலிருந்து உள்ளே தள்ளி நடச் சொன்னவர் அவர். அதற்காகத் தகப்பன் அவரோடு ஆறு மாதம் பேசவில்லையாம். அதைச் சொல்லும்போது அவருக்குச் சிரிப்பு வரும்.

யுத்தத்தில் ஊர் முழுவதும் இராணுவத்தின் பாதுகாப்பு வலயத்துக்குள் போய்விட்டது. சனங்கள் ஒரே நாளில் எழும்பினார்கள். அக்காவும் அத்தானும் பல இடம் அலைந்து கடைசியில் கண்டிக்கு என்னிடம் வந்தார்கள். நான் அப்போது இங்கே ஒரு பாடசாலையில் கணிதம் படிப்பித்தேன். பின்னேரங்களில் ஒரு தனியார் வகுப்பில் கணினியும் சொல்லிக்கொடுத்தேன். கலியாணம் கட்டாதவன். ஒரு முஸ்லிம் வீட்டின் மேல்மாடியில் வாடகைக்கு இருந்தேன். வீட்டுக்காரரை எல்லோரும் ஹாஜியார் என்றுதான் கூப்பிடுவார்கள், நானும் அப்படியே. அந்தக் காலத்தில் ஒரு தமிழனுக்கு வீடு கொடுப்பதென்றால் பொலிசுக்கு ஒவ்வொரு முறையும் பதில் சொல்ல வேண்டும். அவர் முகம் சுளித்ததில்லை. அக்கா வந்த அடுத்த மழைக்காலத்தில் நெஞ்சு நோவால் போய்விட்டாள். சாம்பலை மகாவலியில் கரைத்தோம். அதன் பிறகு அந்த மேல்மாடியில் நாங்கள் இரண்டு ஆண்கள். சோறு ஆக்கும் முறை மாறி மாறி வரும். பேசுவது குறைவு. யன்னலைத் திறந்தால் ஹந்தானை மலை, பாதி நாட்கள் பனிப்புகாருக்குள்.

அக்கா இருந்த காலத்தில், அவளுக்கு ஏலாத ஒரு நாள், பருப்புக் கறியைக் கிளறிக்கொண்டிருந்த அத்தான் திடீரென்று சொன்னார்.

"தம்பி, ஊரில இப்ப வேலியே இல்லையாம். புல்டோசர் போட்டு வழிச்சுப்போட்டாங்களாம். ஆமி ஒரு நாளைக்குப் போகும். சனம் திரும்பிப் போகும். போய் எந்த இடத்தில கதியால் நடுறது?"

"அதை அப்ப பாப்பம் அத்தான்."

"நீ எங்கட சனத்தை மறந்திட்டாய். அவையின்ர சண்டை முடிஞ்ச பிறகுதான் எங்கட சண்டை தொடங்கும்."

அப்படித்தான் ஊரின் வரைபடத்தைத் திரும்ப வரைய ஆரம்பித்தார். ஓடிவரும்போது எண்ணெய்ச் சீலையில் சுற்றிக் கொண்டுவந்த சில பழைய தாள்கள் அவரிடம் இருந்தன. மற்றதெல்லாம் மனதிலிருந்து. சிதறிப் போன ஊர்ச் சனங்களைத் தேடிப் பிடித்தார். வவுனியா முகாமில் இருந்தவர்களுக்கு எழுதினார், கொழும்புக்குப் போய் வெள்ளவத்தையில் இருந்தவர்களைக் கண்டார், வெளிநாட்டில் இருந்து யாராவது ஹாஜியாரின் தொலைபேசிக்கு எடுத்தால் நலம் விசாரிப்பதற்கு முன் வேலியை விசாரித்தார். "உங்கட தெற்கு வேலியில பூவரசு எத்தினையாவதாய் நிண்டது? கிளுவை எங்க தொடங்கினது?" அவருக்கு ஒரு சட்டம் இருந்தது. வேலிக்கு இந்தப் பக்கத்து ஆளையும் அந்தப் பக்கத்து ஆளையும் தனித்தனியே கேட்பார். ஒருவர் சொன்னதை மற்றவருக்குச் சொல்ல மாட்டார். இரண்டும் ஒத்துவந்தால்தான் முழுக்கோடு. ஒத்து வராவிட்டால் புள்ளிக்கோடு. ஒரு புள்ளிக்கோடு முழுக்கோடாக மாறிய நாளில் அவர் சமையலில் உப்புச் சரியாக இருக்கும்.

எங்கள் காணியின் கிழக்கு எல்லை மிகவும் முந்தி முழுக்கோடான ஒன்று. அது அக்காவின் சீதனக் காணி. பக்கத்துக் காணி தபால் மாஸ்டருடையது. இரண்டு வீட்டுக்கும் பொதுவான பங்குக் கிணறு எங்கள் வளவின் மூலையில் இருந்தது. அதற்குப் போக அவர்களுக்கு வேலியோரமாக ஒரு நடைபாதை. அக்கா உயிரோடு இருந்தபோது அந்தப் பாதை வேலிக்கு எந்தப் பக்கம், எவ்வளவு அகலம் என்று சொன்னாள். தபால் மாஸ்டர் முகாமிலிருந்து அதையே சொல்லி அனுப்பினார். அத்தான் அக்காவைப் பார்த்து, "உன்ர வாயால ஒரு முழம் குறைச்சுச் சொல்லுவாய் எண்டு பயந்தனான்" என்றார். அக்கா அகப்பையை ஓங்கினாள்.

தாள்கள் பெருகியபோது நான்தான் கணினியில் வரையலாம் என்றேன். வகுப்பில் கழித்துவிட்ட ஒரு பழைய இயந்திரத்தை வாங்கி வந்திருந்தேன். அதன் வன்தட்டை, அதாவது எல்லாவற்றையும் சேர்த்து வைக்கும் தட்டை, மூன்று பகுதிகளாகப் பிரித்தேன். முதல் பகுதி இயந்திரத்தின் இயக்கத்துக்கு. நடுப்பகுதி அத்தானுக்கு. கடைசி என் வகுப்பு வேலைகளுக்கு. அவருக்கு இது உடனே விளங்கிவிட்டது. காணி பிரிப்பதுதானே. திரையில் தெரிந்த மூன்று கட்டங்களையும் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"நடுக்காணியை எனக்குத் தாறாய். ரெண்டு பக்கமும் நீ. வேலி தள்ளமாட்டாய்தானே?"

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார்.

பிறகு கண்டி நகரின் நடுவில் அந்தப் பெரிய குண்டு வெடித்தது, சந்தேகம் தமிழர் எல்லோர் மேலும் விழுந்தது. கண்டியில் இருந்த தமிழர்களுக்கு அதன் பிறகு வந்த மாதங்கள் எப்படி இருந்தன என்பதை இங்கே வாழ்ந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கடையில் தமிழில் பேசுவதைக் குறைத்துக்கொண்டோம். அடையாள அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே படுத்தோம். கீழ் ஒழுங்கையில் தங்கியிருந்த ஒரு மாணவனின் அறையில் கையால் வரைந்த ஒரு வீதிப்படம் அகப்பட்டதாம். அவனைக் கொண்டுபோனவர்கள் திருப்பிக் கொண்டுவரவில்லை என்று கேள்விப்பட்டோம். எங்கள் வீட்டில் இருந்ததோ ஒரு முழு ஊரின் படம். அதுவும் இராணுவம் இருக்கும் ஊர்.

தாள்களைக் கொளுத்தச் சொன்னவன் நான். "எல்லாம் மெஷினுக்க கிடக்குத்தானே அத்தான். அதுக்குள்ள ஆர் பாக்கப்போகினம்?" என்றேன். அவர் நெடுநேரம் யோசித்தார். பிறகு ஹாஜியாரின் பின்வளவில், தேங்காய்ப் பொச்சு எரிக்கும் இடத்தில், எண்ணெய்ச் சீலைத் தாள்களையும் வைத்துக் கொளுத்தினோம். அவர் கடைசித் தாள் கரியாகும்வரை நின்று, கிளறிவிட்டு வந்தார். எங்கள் இருவருக்கும் கடதாசிதான் பயமாக இருந்தது. இயந்திரம் எங்களுக்கு ஒரு பெட்டகம் போலத் தெரிந்தது.

சில வாரங்களில் அந்த நம்பிக்கையும் போயிற்று. சோதனைக்கு வருபவர்கள் கணினிகளையும் தூக்கிக்கொண்டு போகிறார்கள் என்ற கதை வந்தது. அதே நாட்களில் என் இயந்திரமும் பழுது காட்டத் தொடங்கியது. முதல் பகுதி நிரம்பிவிட்டது. இயக்கம் மூச்சு முட்டி நின்று நின்று போனது. வகுப்புக்குக் கேள்வித்தாள் அச்சடிக்க முடியவில்லை. முதல் பகுதியைப் பெருப்பிக்க வேண்டும். இடமோ பக்கத்தில் இருந்த நடுப்பகுதியில், அத்தானுடையதில், தாராளமாகக் கிடந்தது. அவருடைய கோடுகள் மிகக் கொஞ்ச இடத்தையே பிடித்திருந்தன.

இதைச் சரியாகச் செய்ய வழி உண்டு. நடுப்பகுதியின் முன்பக்கத்தில் இருப்பவற்றைப் பின்னுக்கு நகர்த்தி, அதன் எல்லையைச் சுருக்கி, விடுபட்ட இடத்தை முதல் பகுதியோடு சேர்க்க வேண்டும். அதற்கென்று ஒரு செயலி இருந்தது. ஓடவிட்டேன். கொஞ்ச தூரம் போய், ஒரு கோப்பை நகர்த்த முடியவில்லை என்று நின்றது. தட்டைச் சோதிக்கும் வேலையைச் செய்தேன். சிதறிக் கிடந்தவற்றை ஒழுங்காக அடுக்கினேன். இயக்கம் தன் தேவைக்குப் பிடித்து வைத்திருந்த இடத்தை விடுவித்தேன். இயக்கத்தையே தொடாமல் ஃபிளொப்பித் தட்டிலிருந்து இயந்திரத்தைக் கிளப்பிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் நின்றது. கடைசியில் காரணம் தெரிந்தது. நடுப்பகுதியில் தட்டின் ஓரிடம் பழுதாகியிருந்தது. அந்த இடத்தைத் தாண்டி எதையும் நகர்த்தச் செயலி மறுத்தது.

அதற்கும் வழி உண்டு. உள்ளே இருப்பதை வேறு இடத்தில் பிரதி எடுத்துவிட்டு, பகுதியை அழித்து, புதிதாகப் பிரித்து, பிரதியைத் திரும்பப் போட வேண்டும். இதை நான் என் மாணவர்களுக்குப் பலமுறை சொல்லியிருக்கிறேன். அழிக்கும் முன் பிரதி எடு. அத்தானின் படங்கள் முழுவதும் சில ஃபிளொப்பிகளுக்குள் அடங்கியிருக்கும். அலுமாரியில் புதுப் பெட்டி ஒன்று திறக்காமல் இருந்தது.

அது ஒரு வெள்ளிக்கிழமைப் பின்னேரம். அத்தான் பிள்ளையார் கோயிலுக்குப் போயிருந்தார். அடுத்த நாட்களில் எங்கள் பக்கம் சோதனை வரலாம் என்று ஹாஜியார் காலையில் சொல்லியிருந்தார். நான் அலுமாரியைத் திறந்தேன். பெட்டியைக் கையில் எடுத்தேன். ஃபிளொப்பியில் போட்டால் அதுவும் ஒரு சாட்சிதானே என்று நினைத்தேன். பெட்டியைத் திரும்ப வைத்தேன். பயம் என்று சொன்னால் பாதி உண்மை. மற்றப் பாதி, நாட்கணக்காக அந்தப் பிடிவாதமான தட்டோடு போராடி எனக்கு வந்திருந்த அலுப்பு. எனக்கு இடம் வேண்டியிருந்தது. அவரைக் கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பார், அல்லது ஃபிளொப்பிகளை மடியில் கட்டிக்கொண்டு திரிந்திருப்பார். அதனால் கேட்கவில்லை. இந்தப் பகுதியில் உள்ள அனைத்தும் அழிந்துவிடும், சம்மதமா என்று திரை கேட்டது. சம்மதம் என்று அழுத்தினேன். நடுக்கட்டம் மறைந்தது. முதல் கட்டத்தை அதன் மேல் இழுத்து விரித்தேன். இம்முறை எதுவும் தடுக்கவில்லை. இயந்திரம் புதிதுபோல ஓடியது. நான் கேள்வித்தாள் அச்சடிக்கத் தொடங்கினேன். அதையும் சொல்லத்தான் வேண்டும். அவர் படியேறி வந்தபோது என் கேள்வித்தாள் அச்சாகிக்கொண்டிருந்தது.

நெற்றியில் திருநீற்றோடு வந்து, எனக்கும் பூசிவிட்டு, வழமைபோலத் தன் கதிரையை மேசையடிக்கு இழுத்தார்.

"அத்தான், ஒரு பிழை நடந்துபோச்சு. இடம் பெருப்பிச்சுக்கொண்டு இருக்கேக்க கரண்ட் போயிட்டுது. உங்கட பகுதி..."

"என்ர பகுதி?"

"இல்லை."

அந்த நேரம் பார்த்து ஹாஜியார் படியேறி வந்தார். அன்று சோதனை இல்லையாம் என்று சொல்லத்தான் வந்தார். அத்தான் அவரிடம் திரும்பி, "ஹாஜியார், இஞ்ச கரண்ட் போனதோ?" என்று கேட்டார். சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. சாவு வீட்டில் எப்படி நடந்தது என்று கேட்பதுபோலக் கேட்டார். கீழே ஹாஜியாரின் வானொலி பின்னேரம் முழுவதும் பாடிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். ஹாஜியார் என் முகத்தைப் பார்த்தார்.

"ஓ... கண்ண மூடித் தொறக்கிற மாதிரி போய் வந்திச்சி" என்றார்.

மறுநாள் படியடியில் என்னை நிறுத்தினார். "மாஸ்டர், என்ன நடந்திச்சென்டு எனக்குத் தெரியா. கேக்கவும் இல்ல. அந்த மனிசன்ட மொகத்தப் பாத்து ஒரு பொய் சொல்லிட்டேன். இனி என்னக் கொண்டு சொல்ல வைக்காதீங்க." அதன் பிறகு அவர் என்னோடு வாடகைக்காரனோடு பேசுவதுபோலத்தான் பேசினார். அதுவரை அப்படி இருக்கவில்லை.

அத்தான் அழவில்லை, ஏசவில்லை. சில நாட்கள் யன்னலருகே மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தாள்களை ஏன் கொளுத்தினேன் என்று தன்னையே நொந்துகொண்டார். கொளுத்தச் சொன்னவன் நான் என்பதை ஒருமுறையும் சொல்லவில்லை. பிறகு ஒரு நாள் காலையில் நகருக்குப் போனவர் மத்தியானம் தோளில் இந்தப் பெட்டியோடு வந்தார். சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. ஓய்வு பெற்றபோது கிடைத்த கைக்கடிகாரத்தை மணிக்கட்டில் காணவில்லை. நான் கேட்கவில்லை.

"கடைக்காரப் பெடியன் சொன்னான், கரண்ட் போனாலும் இது பிடிச்சுக்கொண்டு நிக்குமாம்" என்றார் மூச்சு வாங்கியபடி. "என்ர போனது போகட்டும். உன்ர வேலையாவது பிழைக்கட்டும்."

அப்போது சொல்லியிருக்கலாம். பெட்டியை அவர் தோளில் இருந்து இறக்கப் பிடித்தேன். கனத்தது. மேசையின் கீழே வைத்தோம். நான் தேத்தண்ணி போடப் போனேன்.

அவர் திரும்பவும் முதலிலிருந்து வரையத் தொடங்கினார். ஆனால் கேட்பதற்கு ஆட்கள் குறைந்திருந்தார்கள். தபால் மாஸ்டர் முகாமிலேயே காலமாகியிருந்தார். அக்கா இல்லை. சிலர் கனடாவுக்குப் போய் ஊரை மறந்திருந்தார்கள், சிலர் ஊரை இருந்ததைவிடப் பெரிதாக நினைக்கத் தொடங்கியிருந்தார்கள். இரண்டாவது படத்தில் புள்ளிக்கோடுகளே அதிகம். கண்ணும் மங்கியது. சமாதானம் என்று சொல்லி வீதி திறந்தபோது, வலயத்துக்கு வெளியே ஒரு சிறு வீட்டை வாடகைக்கு எடுத்துக்கொண்டு வடக்கே போய்விட்டார். பஸ் ஏறும்போது, "பெட்டிக்கு இடைக்கிடை பற்றரி மாத்து" என்றார். அவர் போன பிறகு சோறு ஒருவனுக்கு எவ்வளவு போடுவது என்று எனக்குப் பிடிபடவேயில்லை. எப்போதும் மிஞ்சியது.

யுத்தம் திரும்பி வந்தது, பிறகு முடிந்தது. ஊரைத் துண்டு துண்டாக விடுவித்தார்கள். அத்தான் சொன்னது சரி. அதன் பிறகுதான் எங்கள் சண்டை தொடங்கியது. பற்றைக்காட்டுக்குள் வேலியும் இல்லை, வீடும் இல்லை. சனங்கள் அவரைத்தான் கூட்டிக்கொண்டு போனார்கள். அவர் இரண்டாவது படத்தை வைத்துக்கொண்டு எல்லைகளுக்கு முளை அடித்தார். இந்தச் செய்திகள் எனக்குத் தொலைபேசியில் வரும். ஒரு நாள் உறவுக்காரர் ஒருவர் சொன்னார்: "உங்கட அத்தானைப் பற்றி ஊரில ஒரு கதை. தபால் மாஸ்டரின்ர மனிசிக்குக் கிணத்தடிப் பாதை இல்லாமல், தன்ர மனிசியின்ர காணியோட சேர்த்து அளந்துபோட்டாராம். அவ இவரோட கதைக்கிறதில்லை. சனமும் நம்புது."

நான் அத்தானுக்குத் தொலைபேசி எடுத்தேன். வேறு எதையோ பேசிவிட்டுக் கேட்டேன்.

"எனக்குச் சரியாய் ஞாபகமில்லை தம்பி. பாதை எங்கட வேலிக்கு உள்ளுக்க எண்டுதான் மனசு சொல்லிச்சுது. அதைப் புள்ளிக்கோட்டிலதான் வச்சிருந்தனான். புள்ளிக்கோட்டில வேலி அடைக்க ஏலாதே. ஏதோ ஒரு பக்கம் நடத்தானே வேணும்." பிறகு சொன்னார்: "அவ சொல்லுறது உண்மையோ எண்டு எனக்கே என்னில சந்தேகம். அக்காவின்ர காணி எண்ட ஆசையில மனசு தள்ளிப்போட்டுதோ தெரியாது."

தகப்பனின் வேலியை உள்ளே தள்ளியவர் அப்படிச் சொன்னார். அன்றிரவு நான் சாப்பிடவில்லை.

அந்தப் பழைய வன்தட்டு என்னிடம் இருந்தது. இயந்திரங்கள் மாறினாலும் அதை நான் எறியவில்லை, ஏனென்று என்னையே கேட்டதுமில்லை. அதை எடுத்துக்கொண்டு கொழும்புக்குப் போனேன். அழிந்தவற்றை மீட்கும் வேலை செய்யும் ஒரு இளைஞரிடம் கொடுத்தேன். "அழிச்சது பிரச்சினை இல்ல சேர். மேல எழுதினதுதான் பிரச்சினை" என்றார். நான் விரித்த முதல் பகுதி வருடக்கணக்காக அந்த இடத்தில் தன் சுமைகளைக் கொட்டியிருந்தது. பெரும்பாலானவை போய்விட்டன. ஆனால் தட்டில் பழுதான இடம் ஒன்று இருந்ததல்லவா, என்னை நகர்த்த விடாமல் நிறுத்திய இடம்? அதை இயக்கம் தொடாமல் ஒதுங்கிப் போயிருக்கிறது. அதை ஒட்டிக் கிடந்த சில படங்கள் கிழிந்தும் கிழியாமலும் கிடைத்தன. அவற்றில் ஒன்று ஊரின் வடக்கு மூலை. அக்காவின் காணி, பங்குக் கிணறு, அதன் நடைபாதை. பாதை வேலிக்கு வெளியே, தபால் மாஸ்டரின் பக்கம் இருந்தது. முழுக்கோடு.

பெரிய தாளில் அச்சடித்து, சுருட்டிக்கொண்டு வடக்கே பஸ் ஏறினேன். அத்தான் புதிதாகப் போட்ட கொட்டிலின் முன் கதிரையில் இருந்தார். மெலிந்து போயிருந்தார். தாளை மடியில் விரித்துக் கொடுத்தேன். விரலால் கோட்டைத் தடவினார். கிணற்றடியில் விரல் நின்றது. முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியை நான் பார்த்தேன். "எனக்குத் தெரியும்! முதல் படத்தில நான் சரியாய்த்தான் போட்டிருக்கிறன். எங்கால எடுத்தனீ?" என்றார். அப்போதுதான் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அலுமாரியைத் திறந்து மூடியது வரை.

"அப்ப கரண்ட் போகேல்லை?"

"இல்லை அத்தான்."

விரலைக் கோட்டிலிருந்து எடுத்தார்.

"அந்தப் பெட்டி இன்னும் கிடக்கோ?"

"ஓம்."

"வீணாய்ச் சுமந்தன்" என்றார்.

பிறகு எழும்பினார். தாளைச் சுருட்டி என் கையிலேயே தந்தார். "வா. அவவுக்கு நீ சொல்லு."

தபால் மாஸ்டரின் மனைவி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டார். எங்கள் ஊரில் எல்லோருக்கும் அந்தக் கதை தெரிந்திருந்தது. கண்டியில் கரண்ட் போனதால்தான் ஊரின் படம் போனது என்று அத்தான் ஒவ்வொரு முளை அடிக்கும்போதும் சொல்லியிருந்தாராம், என்மேல் குறை வராமல். நான் சொல்லி முடித்ததும் அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நாங்களும் பொய் சொல்லுவம்தான். ஒரு சாணுக்கு, ரெண்டு சாணுக்கு. நீங்கள் படிச்ச ஆள். ஒரு ஊருக்குச் சொல்லியிருக்கிறியள்." பிறகு அத்தானைப் பார்த்தார். குரல் மாறியது. "இவ்வளவு நாளும் உங்கட முகம் பாக்காமல் போனனே" என்றார்.

அன்றே வேலியைப் பிடுங்கினார்கள். பூவரசங் கதியால்கள் துளிர்த்து வேர் விட்டிருந்தன. ஒவ்வொன்றும் மண்ணோடு வந்தது. நான் ஒன்றைப் பிடிக்கப் போனேன். "விடு" என்றார் அத்தான். அவ்வளவுதான். தானே, அந்த வயதில், அந்த அம்மாவின் மருமகனோடு சேர்ந்து பிடுங்கி, எங்கள் காணிக்கு உள்ளே தள்ளி நட்டார். நான் தாளைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவர் என்னோடு கோபிக்கவில்லை. சோறு போட்டார், பஸ்ஸுக்குக் கூட வந்தார். ஆனால் அதன் பிறகு தொலைபேசி எடுத்தால், "சுகமாய் இருக்கிறன்" என்பார். "சாப்பிட்டாச்சு" என்பார். தம்பி என்ற சொல் அதில் வருவதில்லை. நான் காத்திருப்பேன். இணைப்பு அறுந்துவிடும்.

அவர் போன செய்தியை எனக்குச் சொன்னவர் தபால் மாஸ்டரின் மனைவிதான். மழையில் பாதைகள் மறிபட்டிருந்தன, செத்த வீட்டுக்குப் போய்ச் சேர முடியவில்லை. "சனமெல்லாம் வந்தது" என்றார். "அவர் கோடு போட்டால் கோடுதான் எண்டு திரும்பவும் சொல்லுதுகள்." அதற்கு நன்றி சொன்னேன். "கடைசியில என்னைக் கேட்டவரோ?" என்று கேட்டேன். அந்த அம்மா பொய் சொல்லவில்லை. "இல்லை" என்றார்.

ஹாஜியாரும் போய்விட்டார். கீழே அவர் மகள் குடும்பம் இருக்கிறது. நான் அதே மேல்மாடியில்தான். நாட்டில் திரும்பவும் மின்வெட்டுக் காலம் வந்தபோது பெட்டிக்குப் புதுப் பற்றரி போடுவித்தேன். மத்தியானங்களில் மின்சாரம் போகும். மின்விசிறி நிற்கும். கீழே வானொலி நிற்கும். மேசையின் கீழே பெட்டி கத்தத் தொடங்கும். திரை மட்டும் ஒளிர்ந்துகொண்டிருக்கும், வேலையைச் சேமித்துக்கொள்ள எனக்கு அவகாசம் தருவதற்காக. சேமிக்க என்னிடம் எதுவும் இல்லை.

"மாஸ்டர், அந்தச் சத்தத்த நிப்பாட்ட ஏலாதா?" என்று கீழிருந்து ஹாஜியாரின் மகள் கேட்பார்.

நிறுத்த ஒரு பொத்தான் இருக்கிறது. நான் அழுத்துவதில்லை. பற்றரி தீரும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.